ஓய்வு கொடுத்தும் ஓயாத விமானம்: 2008-ல் விடைபெற்ற எஃப்-117 இன்னும் பறப்பது ஏன்?

கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் போகிற யாரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வார்கள். பதிவேட்டில் 'நிறுத்தப்பட்டது' என்று எழுதியிருக்கும் மெஷின் எல்லாம் உண்மையில் நின்றுபோன மெஷின் இல்லை. ஒன்றை ஸ்பேருக்காகக் கழற்றிக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்றை, 'அவசரத்துக்கு வேணும்' என்று மாதம் ஒருமுறை ஓட்டி வைப்பார்கள். மூன்றாவது ஒன்று ஷெட்டில் அப்படியே கிடக்கும். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று பழைய ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும்.

உலகத்தின் முதல் ஸ்டெல்த் போர் விமானத்தின் கதையும் இதேதான். அமெரிக்காவின் எஃப்-117 நைட்ஹாக் 2008 ஏப்ரல் 22 அன்று அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றது. விழா எடுத்தார்கள், பேசினார்கள், கதவைச் சாத்தினார்கள். ஆனால் அந்தக் கறுப்பு விமானம் இன்று வரை வானத்தில்தான் இருக்கிறது. 2034 வரைக்கும் பறக்கும் என்று அமெரிக்க விமானப்படையே திட்டம் போட்டு வைத்திருக்கிறது.

ஓய்வு கொடுத்த விமானத்தை எதற்குப் பறக்கவிட வேண்டும்? இது அமெரிக்கக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று விட்டுவிடலாமா? இரண்டையும் பார்ப்போம்.

முதலில், ஸ்டெல்த் என்றால் என்ன?

'ரேடாருக்கே தெரியாத விமானம்' என்று பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மை இல்லை. ரேடாருக்கு ரொம்பக் கொஞ்சமாகத் தெரிகிற விமானம் என்பதுதான் சரி.

ராத்திரியில் ஒரு எவர்சில்வர் குடத்தின் மீது டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் ஏதோ ஓரிடத்தில் பளிச்சென்று மின்னும். வளைந்த பரப்பு என்பதால், கொஞ்சம் வெளிச்சமாவது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். அதே டார்ச்சைச் சாய்த்து வைத்த தட்டைக் கண்ணாடி மீது அடித்தால்? வெளிச்சம் வேறு எங்கோ போய் விழும். நீங்கள் இருட்டில்தான் நிற்பீர்கள். ரேடாரும் ஒரு வகை டார்ச்தான். வெளிச்சத்துக்குப் பதில் ரேடியோ அலை.

எஃப்-117-ன் உடம்பு முழுக்க அப்படிச் சாய்த்து ஒட்டிய தட்டைப் பரப்புகள்தான். வைரத்தைப் பட்டை தீட்டியது போல இருக்கும். இந்த வடிவத்துக்கு அடித்தளமான கணக்கை எழுதியவர் ஒரு சோவியத் விஞ்ஞானி, பியோத்தர் உஃபிம்த்சேவ். விளிம்புகளில் அலைகள் எப்படிச் சிதறும் என்று அவர் 1962-ல் வெளியிட்ட ஆய்வை அவருடைய நாடு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் லாக்ஹீட் நிறுவனத்தின் 'ஸ்கங்க் வொர்க்ஸ்' பிரிவு அதை எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் போட்டது. 1970-களின் கம்ப்யூட்டருக்கு வளைந்த பரப்பைக் கணக்குப் போடும் சக்தி இல்லை. அதனால்தான் விமானம் முழுக்கத் தட்டையாகவே வந்தது.

வடிவம் பாதி வேலை. மீதி வேலை, மேலே பூசுகிற கோட்டிங். ரேடார் அலையை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடும் பூச்சு அது. இந்தக் கோட்டிங்தான் பின்னால் வரப்போகிற பல சிக்கல்களுக்கும் வேர். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூடுதல் தகவல். எஃப்-117-ல் இருப்பது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்-404 குடும்ப இன்ஜின், இரண்டு. நம்ம தேஜஸ் போர் விமானத்தில் இருப்பதும் அதே குடும்பத்து இன்ஜின்தான். ஆனால் எஃப்-117-ல் ஆஃப்டர்பர்னர் கிடையாது. ஒலியின் வேகத்தைத் தாண்டாது. எதிரியைத் தேட ரேடார்கூடக் கிடையாது. ரேடாரைப் போட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பெயரில் 'எஃப்' இருந்தாலும் இது சண்டை விமானம் இல்லை. இரண்டு குண்டுகளை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, ராத்திரியில் போய்ப் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வருவதுதான் வேலை.

பிறந்தபோதும் ரகசியம்

எஃப்-117 முதலில் பறந்தது 1981 ஜூன் 18. படையில் பயன்பாட்டுக்குத் தயாரானது 1983. ஆனால் அப்படி ஒரு விமானம் இருக்கிறது என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது 1988 நவம்பரில். நடுவில் ஐந்து வருடம், ஒரு முழுப் படைப்பிரிவு 'இல்லாத' விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

நெவாடா பாலைவனத்தில் டோனோபா என்ற இடத்தில் தளம். விமானிகள் வாரத் தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் பக்கமிருந்து அங்கே போவார்கள், வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவார்கள். என்ன வேலை என்று மனைவிக்குக்கூடச் சொல்லக் கூடாது. வெளியே காட்டிக்கொள்ள ஏ-7 என்ற பழைய வகை விமானங்களை வைத்திருந்தார்கள். 1986 ஜூலையில் ஒரு எஃப்-117 கலிபோர்னியா மலைக்காட்டில் விழுந்து விமானி இறந்தார். அப்போதும் என்ன விமானம் என்று சொல்லவில்லை. அந்த வனப்பகுதியையே அடைத்து, துண்டு துண்டாகப் பொறுக்கி எடுத்துப் போனார்கள்.

சோதனை விமானங்களையும் சேர்த்து மொத்தம் 64 செய்தார்கள். 1989-ல் பனாமாவில் முதல் தாக்குதல். 1991 வளைகுடாப் போரில் பாக்தாத் மீது குண்டு போட்டபோது உலகமே வாயைப் பிளந்தது. ஒரு எஃப்-117-கூட அந்தப் போரில் விழவில்லை. 'போட்ட குண்டில் 80 சதவீதம் இலக்கில் விழுந்தது' என்று அமெரிக்கத் தரப்பு சொன்னது. 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கணக்கெடுத்துப் பார்த்தபோது, அது 41 முதல் 60 சதவீதத்துக்குள்தான் என்று தெரிந்தது. இந்த விமானத்தைப் பொறுத்தவரை, அரசு சொல்வதற்கும் உண்மைக்கும் நடுவில் எப்போதுமே ஒரு இடைவெளி இருந்திருக்கிறது.

ஒரு பழைய ஏவுகணை வீழ்த்திய கதை

1999 மார்ச் 27. செர்பியாவில் புட்ஜானோவ்ட்சி என்ற கிராமத்துக்கு அருகே ஒரு எஃப்-117 விழுந்தது. வீழ்த்தியது எஸ்-125 நேவா. 1960-களின் சோவியத் தயாரிப்பு. நம்ம விமானப்படையிலும் இதே குடும்பத்து ஏவுகணை 'பெச்சோரா' என்ற பெயரில் பல்லாண்டுகளாக இருக்கிறது. விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். சில மணி நேரத்தில் மீட்கப்பட்டார்.

எப்படி முடிந்தது? பொறுமைதான். ஏவுகணைப் பிரிவின் தளபதி ஸோல்தான் டானி, ரேடாரை நீண்ட நேரம் ஆன் செய்யவே விடவில்லை. சில நொடிகள் மட்டும் போட்டு, அணைத்து, இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். நீண்ட அலைவரிசையில் இயங்கும் பழைய தேடல் ரேடார், எஃப்-117-ஐ மங்கலாகவாவது காட்டியது. விமானம் நெருங்கி வந்த தருணத்தில் ஏவுகணைகள் கிளம்பின.

மறுநாள் கிராமத்து மக்கள் இறக்கையின் மீது ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உலகமே மறைத்து வைத்திருந்த ரகசியம் ஒரு வயக்காட்டில் கிடந்தது.

சரி, ஏன் ஓய்வு?

மூன்று காரணம். ஒன்று, எஃப்-22 வந்துவிட்டது. வேகமும் அதிகம், ரேடாரும் உண்டு, கண்ணுக்குச் சிக்குவதும் குறைவு. இரண்டு, பராமரிப்பு. ஒவ்வொரு முறை மூடியைத் திறந்து மூடினாலும் கோட்டிங்கை மறுபடி சரி செய்ய வேண்டும். வெயில், மழை எதுவும் ஆகாது. குளிரூட்டிய ஹேங்கர் வேண்டும். மூன்று, பணம். இதை நிறுத்தினால் மிச்சமாகும் காசில் புதியதை வாங்கலாம் என்று விமானப்படை கணக்குப் போட்டது.

அமெரிக்காவில் ஓய்வு பெற்ற ராணுவ விமானங்கள் வழக்கமாக அரிசோனா பாலைவனத்துக்குப் போகும். அங்கே ஆயிரக்கணக்கில் வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருப்பார்கள். எஃப்-117-ஐ அங்கே நிறுத்த முடியாது. கோட்டிங் கெட்டுப்போகும். அதைவிட முக்கியமாக, யாரும் வந்து பார்த்துவிடக் கூடாது. அதனால் பிறந்த வீட்டுக்கே, டோனோபாவின் பழைய ஹேங்கர்களுக்கே அனுப்பினார்கள்.

இங்கே ஒரு சட்டமும் குறுக்கே வந்தது. 'ஓய்வு கொடுக்கிற ஒவ்வொரு எஃப்-117-ஐயும், தேவைப்பட்டால் திரும்ப அழைக்கிற நிலையில் வைத்திருக்க வேண்டும்' என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2006-ல் விதி போட்டது. திரும்ப அழைக்கிற நிலை என்றால் சும்மா நிறுத்தி வைத்தால் ஆகாது. அப்பா வாங்கின பழைய ஸ்கூட்டரை வாரம் ஒரு முறையாவது கிளப்பி, தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய் வருவோமே, அதே கதைதான். ஓட்டாத வண்டி ஓடாது. பறக்காத விமானமும் பறக்காது.

2016 டிசம்பரில் அந்த விதியை நீக்கினார்கள். இனி வருடத்துக்கு நான்கு என்ற கணக்கில் உடைக்கலாம், அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்கலாம் என்று விமானப்படை 2017-ல் சொன்னது. சில விமானங்கள் அப்படிப் போயின. கோட்டிங்கைச் சுரண்டி எடுத்து, ரகசிய விளிம்புகளைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் எல்லாம் போய்விடவில்லை. சட்டம் விட்டுவிட்டது, விமானப்படை விடவில்லை.

காட்டிக்கொடுத்தது யார்?

ரகசிய ஆவணம் எதுவும் கசியவில்லை. உளவாளி யாரும் இல்லை. நெவாடா மலைகளில் வெயிலில் உட்கார்ந்திருந்த சாதாரண ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள்.

விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறவர்கள் இவர்கள். சொந்தக் காசில் பெரிய லென்ஸ் வாங்கி, தண்ணீரும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு, தடை செய்யப்பட்ட எல்லைக்கு வெளியே பொது நிலத்தில் நாள் முழுக்க உட்காருவார்கள். விழா முடிந்து இரண்டு வருடம் ஆன நிலையில், 2010-லேயே படங்கள் வர ஆரம்பித்தன. தூரத்தில், கானல் நீரில் நடுங்குகிற ஒரு கறுப்புப் புள்ளி. ஆனால் அந்த முக்கோண வடிவத்தை வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. தேதி, நேரம், எத்தனை விமானம், எந்தத் திசை என்று நோட்டில் எழுதி வைத்தார்கள்.

அரசுத் தரப்பைக் கேட்டால், பறக்கும் நிலையில் வைத்திருக்கிறோம் என்ற அளவில்தான் பதில். ஆனால் படங்கள் குறையவில்லை, கூடிக்கொண்டே போயின. 2020-ல் எஃப்-117-கள் கலிபோர்னியாவின் மிராமர் தளத்தில் வந்து இறங்கின. 2021 செப்டம்பரில், பயணிகள் விமானங்கள் வந்துபோகும் ஃப்ரெஸ்னோ விமான நிலையத்தில் இரண்டு எஃப்-117-கள் இறங்கின. அப்போதுதான் ராணுவமே படம் வெளியிட்டு, 'ஆமாம், பயிற்சிக்கு வந்திருக்கின்றன' என்றது. 2023-ல் அலாஸ்காவில் நடந்த பெரிய பயிற்சியிலும் கலந்துகொண்டன.

13 வருடம். ஓய்வு பெற்ற விமானம் பறக்கிறது என்று அரசு வெளிப்படையாகக் காட்ட அத்தனை காலம் பிடித்தது. அதற்கு முன்னாலேயே மலைமேல் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது என்ன வேலை செய்கிறது?

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். எஃப்-117-க்கு அது அப்படியே பொருந்தும்.

முதல் வேலை, எதிரி வேஷம். இப்போது ஸ்டெல்த் விமானம் அமெரிக்காவிடம் மட்டும் இல்லை. சீனாவின் ஜே-20 சேவையில் இருக்கிறது. ரேடாரில் சரியாகத் தெரியாத எதிரி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அமெரிக்க விமானிகள் பழக வேண்டும். அதற்கு ரேடாரில் சரியாகத் தெரியாத ஏதாவது ஒன்று எதிரே வந்தாக வேண்டும். எஃப்-22-ஐயும் எஃப்-35-ஐயும் எப்போதும் எதிரியாக அனுப்பினால் அவற்றின் ஆயுள் தேயும். ஏற்கெனவே ஓய்வு பெற்றது இருக்கவே இருக்கிறது.

இரண்டாவது வேலை, ஏவுகணை வேஷம். தாழ்வாக, மெதுவாக, மறைந்து வருகிற க்ரூஸ் ஏவுகணையைப் போல நடிக்க ஒலியைத் தாண்டாத ஸ்டெல்த் விமானம் வசதியானது.

மூன்றாவது, சோதனை. வெப்பத்தை வைத்து விமானத்தைக் கண்டுபிடிக்கும் புதிய சென்சார்கள், புதிய கோட்டிங்குகள் போன்றவற்றைச் சோதித்துப் பார்க்க, பழகிய ஒரு உடம்பு வேண்டும். இந்த விமானத்தின் ரேடார் குணம் முழுக்க அளந்து வைக்கப்பட்டது. புதியது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

ஆக, காரணம் நியாயமானதுதான். இருப்பதைப் பயன்படுத்துவதில் தப்பு எதுவும் இல்லை. நம்ம விமானப்படையும் பழைய டகோட்டா ஒன்றைப் புதுப்பித்து, 'பரசுராமா' என்று பெயர் வைத்து, 2018-லிருந்து மரபு விமானமாகப் பறக்கவிடுகிறது. அதை ஊர் கூடிக் கைதட்டித்தான் வரவேற்றோம். வித்தியாசம் ஒன்றுதான். பரசுராமா பறப்பது நமக்குத் தெரியும். எஃப்-117 விஷயத்தில், 'முடிந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு நடத்தினார்கள். நம் கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது.

'முடிந்தது' என்ற சொல் எதையெல்லாம் மறைக்கும்?

ஒரு பொருள் 'சேவையில் இல்லை' என்று ஆகிவிட்டால், அதைப் பற்றிக் கேள்வி கேட்பதும் நின்றுவிடுகிறது. எவ்வளவு செலவு, யார் பொறுப்பு, கழிவு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரகசியமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே முடியாது.

இதற்கு எஃப்-117 வளர்ந்த அதே நெவாடா பாலைவனத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது. இந்த விமானம் முதலில் சோதிக்கப்பட்ட க்ரூம் லேக் தளத்தை உலகம் 'ஏரியா 51' என்று அறியும். வேற்றுக்கிரகவாசி கதைகளால் பிரபலமான இடம். ஆனால் 1994-ல் அங்கிருந்து வந்த உண்மையான கதை வேறு. அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களும், இறந்துபோன இரண்டு தொழிலாளர்களின் மனைவிமார்களும் நீதிமன்றம் போனார்கள். ரகசியத் திட்டங்களின் கோட்டிங், ரெசின், சால்வென்ட் கழிவுகளைத் திறந்த குழிகளில் போட்டு எரித்தார்கள், அந்தப் புகையைச் சுவாசித்துத்தான் எங்களுக்குத் தோல் நோயும் மூச்சுப் பிரச்சினையும் வந்தது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

அவர்கள் முதலில் கேட்டது தகவல். 'என்ன எரித்தீர்கள் என்று சொல்லுங்கள், டாக்டர் சிகிச்சை கொடுக்க முடியும்.' அவ்வளவுதான்.

கிடைக்கவில்லை. 1995 செப்டம்பரில் அதிபர் பில் கிளிண்டன், க்ரூம் லேக் பக்கத்துத் தளத்தின் கழிவு விவரங்களை வெளியிடத் தேவையில்லை என்று விலக்கு அளித்தார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்த விலக்கைப் புதுப்பித்தார்கள். தேச ரகசியம் என்ற காரணத்தால் வழக்கு தள்ளுபடியானது. 1998-ல் உச்ச நீதிமன்றமும் கேட்க மறுத்தது. புகையில் என்ன இருந்தது என்று அந்தத் தொழிலாளர்களுக்குக் கடைசி வரை யாரும் அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை.

எதிரி ரேடாருக்குத் தெரியக் கூடாது என்பது சரி. வேலை செய்கிற ஆளுக்கும் தெரியக் கூடாது என்றால்?

கடலூருக்குத் தெரிந்த கேள்வி

இந்தக் கேள்வி கடலூருக்குப் புதுசில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில், உப்பனாற்றுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிறது சிப்காட். மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, மற்ற கெமிக்கல் ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், காரைக்காடு மக்கள் பல வருடம் கேட்டது ஒரே கேள்விதான்: 'ராத்திரி வர்ற இந்த நாத்தம் என்ன?'

பதில் வராததால் அவர்களே கிளம்பினார்கள். 2004-ல் கிராமத்து ஆட்கள் சேர்ந்து சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு ஒன்றை அமைத்தார்கள். எந்த நேரம், எந்தக் காற்று, என்ன வாசனை என்று எழுதி வைத்தார்கள். வாளியை வைத்துச் செய்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் நாக்பூரின் நீரி நிறுவனம் செய்த ஆய்வும், இங்கே புற்றுநோய் அபாயம் ஏற்கத்தக்க அளவைவிடப் பல மடங்கு என்று எச்சரித்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மிகவும் மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூரும் இருந்தது.

நெவாடா மலைமேல் கேமராவோடு உட்கார்ந்தவரும், ஈச்சங்காட்டில் நோட்டில் வாசனையை எழுதியவரும் ஒன்றேதான் செய்தார்கள். 'ஒண்ணும் இல்ல' என்று சொன்ன இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, தேதி போட்டு எழுதினார்கள்.

கடலூருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. பெரியகுப்பத்தில் பாதி கட்டிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 2011 டிசம்பர் தானே புயலுக்குப் பிறகு வேலை நின்று, வருடக்கணக்கில் கிடந்தது. ஓடவும் இல்லை, முறையாக மூடவும் இல்லை. இரும்புத் திருட்டுச் செய்தியாகத்தான் அது அடிக்கடி பேப்பரில் வந்தது. ஒரு பெரிய அமைப்பை ஆரம்பிக்க ஆயிரம் அனுமதி கேட்கிறோம். அதை எப்படி முடிப்பது என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைப்பதில்லை.

இந்தியாவின் ஸ்டெல்த் கனவு

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. இந்தியா தனது சொந்த ஸ்டெல்த் போர் விமானத்தைச் செய்யப் போகிறது. பெங்களூருவில் உள்ள ஏரோநாட்டிகல் டெவலப்மென்ட் ஏஜென்சி வடிவமைக்கும் 'ஆம்கா' திட்டத்தின் மாதிரி விமானங்களுக்கு, 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவைக் குழு சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களும் போட்டியிடும் செயல்முறைக்கு 2025 மே மாதம் அனுமதி வந்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு இருக்கும். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து மையங்களோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கிறது. கடலூர் அந்த ஐந்தில் இல்லை. ஆனால் ஸ்டெல்த் கோட்டிங், ரெசின், சால்வென்ட் என்றால் அது கடைசியில் கெமிக்கல் தொழில். அதன் சம்பளமும் என்ன, சுமையும் என்ன என்று இந்த ஊருக்குத் தெரியும். இதைப் படிக்கிற இன்ஜினீயர்களில், கெமிஸ்ட்டுகளில் சிலர் நாளைக்கு அந்த வேலைக்கே போகலாம். பெருமையான வேலைதான்; போக வேண்டியதுதான்.

ஆனால் திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே மூன்று விஷயங்களை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்று, கடைசிக் கதையை முதலிலேயே எழுதுங்கள். நம்ம மிக்-21, 1963-ல் வந்து 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. 62 வருடம். அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்த டியு-142 கடற்படை விமானம் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்று, இன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. குழந்தைகள் உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். ஸ்டெல்த் விமானத்தை அப்படிச் சுலபமாக நிறுத்திவிட முடியாது என்று எஃப்-117 காட்டிவிட்டது. எங்கே வைப்பது, யார் செலவு, கோட்டிங்கை எப்படி அகற்றுவது என்று தொடக்கத்திலேயே திட்டம் வேண்டும்.

இரண்டு, ரகசியத்துக்கு எல்லை போடுங்கள். கோட்டிங்கின் ஃபார்முலா ரகசியமாக இருக்கட்டும். ஆனால் அதைப் பூசுகிறவர் எதைச் சுவாசிக்கிறார் என்பது அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் தெரிந்தாக வேண்டும். போபாலுக்குப் பிறகு, 1987-ல் நம்ம தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்த திருத்தம், ஆபத்தான ஆலைகளில் வேலை செய்கிறவருக்கும் சுற்றி இருக்கிற மக்களுக்கும் தகவல் பெறும் உரிமையைக் கொடுத்தது. பல்லாயிரம் உயிர்களைக் கொடுத்துப் பெற்ற உரிமை அது. புதிய சட்டத்திலும் சரி, பாதுகாப்புத் துறை என்ற பெயரிலும் சரி, அது தேய்ந்துவிடக் கூடாது.

மூன்று, 'ஓய்வு' என்று சொன்னால் ஓய்வாக இருக்கட்டும். தொடர்ந்து பயன்படுத்துவதாக இருந்தால், பயன்படுத்துகிறோம் என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டுச் செய்யட்டும். எத்தனை விமானம், எவ்வளவு செலவு என்று சொன்னால் நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிடாது. அமெரிக்கா 2021-ல் சொன்னது; அதனால் அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

இதெல்லாம் டெல்லியில் முடிவாகிற விஷயம், நாம் என்ன செய்ய முடியும் என்று தோன்றலாம். பெரிய விஷயத்துக்குப் போகும் முன், உங்கள் பிளான்ட்டில் இருந்து தொடங்கலாம்.

'யூஸ்ல இல்ல' என்று டேக் மாட்டியிருக்கிற டேங்க்கில் கடைசியாக என்ன இருந்தது? காலி செய்து, கழுவி, பரிசோதித்ததற்குப் பதிவு இருக்கிறதா? கையாளுகிற ஒவ்வொரு கெமிக்கலுக்கும் சேஃப்டி டேட்டா ஷீட் இருக்கிறதா? இருந்தால், கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் புரிகிற தமிழில் இருக்கிறதா? அடுத்த சேஃப்டி மீட்டிங்கில் இதைக் கேளுங்கள். பதிலை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள்.

டோனோபாவில் இப்போதும் அந்தக் கறுப்பு விமானங்கள் கிளம்பும். தூரத்து மலையில் யாரோ ஒருவர் லென்ஸைத் திருப்பி, நேரத்தைப் பார்த்து, நோட்டில் ஒரு வரி எழுதுவார். குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் அப்படி எழுதிய நோட்டுகள் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்க வேண்டியது இனி உங்கள் தலைமுறை.